செத்த ஷார்ட்கட்டுக்காக சிஸ்டத்தை ஃபார்மட் செய்ய வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அதையொட்டி சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை மண்டி, லீ பஜார் மொத்தக்கடை, ஐந்து ரோடு பக்கத்து ஆடிட்டர் ஆபீஸ், கொலுசுப் பட்டறையின் கணக்கு மேசை என்று பல இடங்களில் பழைய சிஸ்டம் போய்ப் புதியது வந்திருக்கிறது. இல்லையென்றால் இருக்கும் சிஸ்டமே விண்டோஸ் 11 ஆகியிருக்கிறது. கூடவே ஒரு தொல்லையும் வந்திருக்கிறது. டிரைவ்களைக் காட்டும் திஸ் பிசி-யைத் திறந்தால், எப்போதோ கழற்றிப் போட்ட சர்வரின் (எல்லோருக்கும் பொதுவாக ஃபைல்களை வைத்திருக்கும் கம்ப்யூட்டரின்) ஃபோல்டருக்குப் போகும் ஷார்ட்கட் சிவப்புப் பெருக்கல் குறியோடு நிற்கிறது. டெலீட் கொடுத்தால் போவதில்லை. போனாலும் மறுநாள் காலையில் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதன்மேல் கை பட்டாலே ஜன்னல் உறைந்து, வேலை நிற்கிறது.

இதற்குப் பல இடங்களில் கிடைக்கும் பதில், “ஃபார்மட் அடித்தால்தான் போகும்” என்பது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதைதான். கம்ப்யூட்டர், நெட்வொர்க் பராமரிப்பில் இருக்கிற நாங்கள் சிலர் சேர்ந்து, இதை அவரவரே நீக்கிக்கொள்ளும் முறையை எழுதுகிறோம். வாசகர்கள் வெட்டி வைத்துக்கொள்ளும்படி சற்று நீளமாகவே இருக்கிறது, பொறுத்துக்கொள்ள வேண்டும். கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் தந்திருக்கிறோம்; குழப்பம் வரும் இடங்களில் ஆங்கில எழுத்தையும் அடைப்புக்குள் சேர்த்திருக்கிறோம். கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. நெட்வொர்க் ஃபோல்டரின் ஷார்ட்கட் வேறு, அதற்குள் தெரியும் ஃபைல்கள் வேறு. ஷார்ட்கட்டை டபுள் கிளிக் செய்து உள்ளே போய், அங்கே இருப்பதையெல்லாம் தேர்ந்தெடுத்து டெலீட் கொடுத்தால், அழிவது அடுத்த அறையில் இருக்கும் சர்வரின் உண்மையான கணக்கு. நெட்வொர்க் வழியாக அழித்தது உங்கள் சிஸ்டத்தின் ரீசைக்கிள் பின்னுக்கு வராது; நேராகப் போய்விடும். எனவே எதை நீக்கினாலும் வெளியே நின்று அந்த ஐகானை மட்டும் தொட வேண்டும். “ஷார்ட்கட்டைத்தானே அழித்தோம்” என்று பிறகு சொல்லிப் பயனில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் இந்த ஐகான்கள் எல்லாம் ஒரே சாதியல்ல. ஒவ்வொன்றும் விண்டோஸுக்குள் வெவ்வேறு இடத்தில் பதிவாகியிருக்கிறது. எந்த இடத்தில் பதிவோ அந்த இடத்தில் நீக்கினால்தான் போகும். மற்ற இடத்தில் எத்தனை முறை டெலீட் கொடுத்தாலும் அசையாது. பிடிவாதம் என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல், தவறான கதவைத் தட்டுவதுதான்.

அடையாளம் காண்பது எளிது. பெயரோடு இசட், ஒய் என்று ஓர் எழுத்தும் முக்காற்புள்ளியும் இருந்தால் அது மேப் செய்த டிரைவ், அதாவது சர்வரின் ஃபோல்டருக்கு ஓர் எழுத்தைக் கொடுத்து டிரைவ் போல வைத்தது. எழுத்து இல்லாமல், திஸ் பிசி-க்குள் நெட்வொர்க் லொக்கேஷன்ஸ் என்ற தலைப்பின்கீழ் வெறும் ஃபோல்டராக இருந்தால், ‘ஆட் எ நெட்வொர்க் லொக்கேஷன்’ மூலம் யாரோ உருவாக்கியது. இடப்பக்கப் பட்டியலில் குண்டூசிப் படத்தோடு இருந்தால் க்விக் ஆக்சஸில் குத்தி வைத்தது. நெட்வொர்க் என்ற தலைப்பின்கீழ் தெரிவது ஷார்ட்கட்டே அல்ல. அதைக் கடைசியில் பார்ப்போம்.

எழுத்து உள்ள டிரைவ்தான் கடைகளில் அதிகம். டேலி டேட்டா, பில்லிங் சாஃப்ட்வேர், ஸ்கேன் செய்த ரசீது எல்லாம் இசட் டிரைவில் இருப்பது வழக்கம். அதன்மேல் ரைட் கிளிக் செய்தால் டிஸ்கனெக்ட் என்று வரும். விண்டோஸ் 11-இல் உடனே தெரியவில்லை என்றால் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ கொடுத்தால் பழைய நீள மெனு திறக்கும். இங்கே டெலீட் என்ற சொல்லையே தேட வேண்டாம், டிரைவுக்கு டிஸ்கனெக்ட்தான்.

டிஸ்கனெக்ட் கொடுத்ததும் ஜன்னல் உறைந்தால் காரணம் உண்டு. விண்டோஸ் அந்த சர்வரைத் தேடிக் கதவைத் தட்டுகிறது, பதில் வரும்வரை காத்திருக்கிறது. இல்லாத சர்வர் எப்படிப் பதில் சொல்லும்? இதற்குச் சின்ன உபாயம் ஒன்று உண்டு. நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள், வைஃபை ஆனால் ஆஃப் செய்யுங்கள். வெளியே போக வழியே இல்லை என்றால் தேடல் உடனே தோற்றுவிடும், காத்திருப்பு இருக்காது. அதன்பிறகு டிஸ்கனெக்ட் கொடுங்கள். பல சிஸ்டங்களில் இதுவே போதும்.

போதாதவர்களுக்குக் கறுப்புத் திரை. விண்டோஸ் பொத்தானோடு ஆர் அழுத்தி, சி-எம்-டி என்ற மூன்று எழுத்தைத் தட்டி என்டர் கொடுத்தால் கமாண்ட் ப்ராம்ட் திறக்கும். அதில் ‘நெட் யூஸ்’ என்று தட்டுங்கள், இரண்டு சொல்லுக்கும் நடுவே இடைவெளி. எந்த எழுத்து எந்த சர்வரின் எந்த ஃபோல்டரைக் காட்டுகிறது என்ற பட்டியல் வரும். நிலை (ஸ்டேட்டஸ்) என்ற இடத்தில் ‘ஓகே’ என்றால் உயிரோடு இருக்கிறது; ‘அன்அவைலபிள்’ அல்லது ‘டிஸ்கனெக்டட்’ என்றால் நினைவில் மட்டும் இருக்கிறது. இந்தப் பட்டியலை முதலில் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தவறி நல்லதை நீக்கிவிட்டால் திரும்பப் போட இந்தப் படம்தான் துணை.

பிறகு ‘நெட் யூஸ் இசட்: /டெலீட்’ என்று தட்ட வேண்டும். இசட்டுக்குப் பதில் உங்கள் எழுத்து. அதை ஒட்டியே முக்காற்புள்ளி. எழுத்துக்குப் பதிலாக நட்சத்திரக் குறி போட்டால் எல்லா டிரைவும் ஒரேயடியாகப் போய்விடும் என்று சிலர் சொல்லித் தருகிறார்கள். உண்மைதான், போய்விடும். வேலை நடந்துகொண்டிருக்கும் பில்லிங் டிரைவும் சேர்ந்து போகும். ஆண்டுக் கணக்கு முடிக்கிற நேரத்தில் அந்த நட்சத்திரத்தைத் தொடாதீர்கள். நடுவில் ‘ஃபைல்கள் திறந்திருக்கின்றன, தொடரலாமா’ என்று கேட்டால் ‘என்’ (N) எழுத்தை அழுத்தி வெளியே வாருங்கள். டேலியையும் எக்செலையும் மூடிவிட்டு மறுபடி கொடுங்கள். ‘ஒய்’ (Y) அழுத்தினால் சேமிக்காத வேலை போகலாம்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று இருக்கிறது. கமாண்ட் ப்ராம்ட்டை ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறப்பது. அதிக அதிகாரம் இருந்தால் அதிகம் நீக்கலாம் என்று நினைப்பு. ஆனால் விண்டோஸ், சாதாரணமாக நுழைந்த உங்களையும் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த உங்களையும் இரண்டு தனி நுழைவுகளாகக் கணக்கு வைக்கிறது. ஒருவர் மேப் செய்த டிரைவ் மற்றவருக்குத் தெரியாது. அதனால்தான் திஸ் பிசி-யில் கண்ணெதிரே இசட் நிற்கும்போதே, கறுப்புத் திரை ‘அப்படி இணைப்பு இல்லை’ என்று பிழை எண் 2250 சொல்கிறது. சாதாரணமாகத் திறந்து அதே கட்டளையைக் கொடுத்தால் போய்விடும். இதன் மறுபக்கமும் உண்டு: கணக்கு சாஃப்ட்வேரை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினால் அதற்கு இசட் தெரியாது. தெரியவில்லையே என்று ஒய், எக்ஸ் என்று புதிது புதிதாக மேப் செய்துகொண்டே போவார்கள். ஒரே ஃபோல்டருக்கு நான்கு ஐகான் சேர்ந்த சிஸ்டங்களில் பெரும்பாலும் இதுதான் காரணம். சாஃப்ட்வேரைச் சாதாரணமாக ஓட்டப் பழகுவதே இதற்குச் சரியான வழி.

நெட் யூஸ் பட்டியலில் இல்லை, ஆனால் ஐகான் மட்டும் தெரிகிறது என்றால் வெறும் நிழல். டாஸ்க் மேனேஜரில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரை (ஃபோல்டர்களைக் காட்டும் ப்ரோகிராம் இது) ரைட் கிளிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். அதிலும் போகாவிட்டால் ரெஜிஸ்ட்ரி, அதாவது விண்டோஸ் தன் செட்டிங்ஸைப் பதிந்து வைக்கும் இடம். விண்டோஸ் பொத்தானோடு ஆர், பிறகு ‘ரெக்எடிட்’ (regedit). ஹெச்கீ கரன்ட் யூசர் என்பதன் கீழ் நெட்வொர்க் என்று ஒரு கிளை இருக்கும். அதற்குள் டிரைவ் எழுத்தின் பெயரிலேயே சிறு கிளைகள். முதலில் நெட்வொர்க் கிளையை ரைட் கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்து டெஸ்க்டாப்பில் ஒரு நகல் வைத்துக்கொண்டு, வேண்டாத எழுத்தின் கிளையை மட்டும் நீக்குங்கள். நெட்வொர்க் என்ற தாய்க் கிளையை நீக்கக் கூடாது. சைன் அவுட் செய்து மறுபடி நுழைந்தால் சுத்தமாக இருக்கும். இது அந்த யூசருக்கு மட்டும்தான். ஒரே சிஸ்டத்தில் காலை ஷிஃப்ட்டுக்கு ஒரு யூசர், மாலைக்கு ஒரு யூசர் என்றால் இரண்டிலும் தனித்தனியே செய்ய வேண்டும்.

புது சர்வரை அதே இசட்டில் மேப் செய்த பிறகும் பழைய பெயரே தெரிகிறது என்பது இன்னொரு புகார். டிரைவுக்கு யாரோ ஒரு காலத்தில் ரீநேம் கொடுத்திருப்பார்கள். ‘மவுன்ட்பாயின்ட்ஸ்2’ என்ற ரெஜிஸ்ட்ரி கிளையில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் தேடிப் போக வேண்டாம். டிரைவைத் தேர்ந்து எஃப்2 அழுத்திப் புதுப் பெயர் கொடுத்தால் தீர்ந்தது.

எழுத்து இல்லாத ஃபோல்டர் வகை உள்ளே வேறு மாதிரி. இது ஓர் இணைப்பே அல்ல. உங்கள் சி டிரைவிலேயே இருக்கும் ஒரு சிறு ஃபோல்டர். அதற்குள் மறைந்திருப்பவை இரண்டே ஃபைல்கள்: டெஸ்க்டாப் டாட் ஐஎன்ஐ, டார்கெட் டாட் எல்என்கே. முதலாவது ‘இது சாதாரண ஃபோல்டர் இல்லை, ஷார்ட்கட் போல நடத்து’ என்று எக்ஸ்ப்ளோரருக்குச் சொல்கிறது. இரண்டாவது எங்கே போக வேண்டும் என்பதை வைத்திருக்கிறது. எக்ஸ்ப்ளோரரில் இதை டெலீட் செய்யப் போனால், முதல் ஃபைல் சொன்னபடி அது சர்வரைத் தேடக் கிளம்பிவிடும். உறைவது அதனால்தான்.

விண்டோஸ் பொத்தானோடு ஆர் அழுத்தி ‘ஷெல்:நெட்ஹுட்’ (shell:nethood) என்று தட்டினால் (இடையில் முக்காற்புள்ளி, இடைவெளி கிடையாது) இந்த ஃபோல்டர்கள் குடியிருக்கும் இடம் நேராகத் திறக்கும். நெட்வொர்க் ஷார்ட்கட்ஸ் என்று அதன் பெயர். கேபிளைப் பிடுங்கிவிட்டு, ஒருமுறை மட்டும் கிளிக் செய்து தேர்ந்து, டெலீட். டபுள் கிளிக் செய்துவிடாதீர்கள். இங்கிருந்து உள்ளே நுழைந்தாலும் சர்வருக்குள்தான் போவீர்கள். முன்னே சொன்ன ஆபத்து இங்கும் அப்படியே இருக்கிறது.

இதற்கும் மசியாததைக் கறுப்புத் திரையில் முடிக்கலாம். அங்கே விண்டோஸ் அதைச் சாதாரண ஃபோல்டராகவே பார்க்கும், சர்வரைத் தேடாது. சி, டி (cd) என்ற இரண்டு எழுத்து, இடைவெளி, /டி (/d), இடைவெளி, பிறகு இரட்டை மேற்கோளுக்குள் %ஆப்டேட்டா%\மைக்ரோசாஃப்ட்\விண்டோஸ்\நெட்வொர்க் ஷார்ட்கட்ஸ் (%appdata%\Microsoft\Windows\Network Shortcuts). என்டர். அடுத்து ‘டிர் /ஏ’ (dir /a) கொடுத்தால் பெயர்கள் வரும். பிறகு ஆர், டி (rd) என்ற இரண்டு எழுத்து, /எஸ், /க்யூ (/s /q), கடைசியில் மேற்கோளுக்குள் அந்தப் பெயர். இதில் போவது அந்த இரண்டு குட்டி ஃபைல்களும் அவற்றின் கூடும்தான். சர்வரில் ஒரு தாள்கூட அசையாது. ஆனால் இந்தக் கட்டளை கேள்வி கேட்காமல் அழிக்கும் சாதி. பெயரை மேற்கோளுக்குள் போடாமல் விட்டால், நடுவில் இடைவெளி உள்ள பெயரை இரண்டாகப் பிரித்துப் படிக்கும். என்டருக்கு முன் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

இங்கேயும் ‘இப்படி ஒன்று இல்லை’ என்று பதில் வந்தால் பெயரின் கடைசியைப் பாருங்கள். புள்ளியிலோ இடைவெளியிலோ முடியும் பெயரை விண்டோஸ் தானாகவே வெட்டிவிட்டுத் தேடும், தேடினால் கிடைக்காது. தமிழ்நாட்டில் ‘அன் கோ.’ என்று புள்ளியில் முடியாத கடைப் பெயர் உண்டா? நிறுவனப் பெயரையே ஃபோல்டருக்கு வைப்பதில் வரும் வினை இது. ‘டிர் /எக்ஸ்’ கொடுத்தால் சில சிஸ்டங்களில் ஒவ்வொன்றுக்கும் அலை வளைவுக் குறியும் (~) எண்ணும் சேர்ந்த குறும்பெயர் ஒன்று காட்டும். அதைக் கொடுத்து நீக்கலாம். குறும்பெயர் வராவிட்டால், முழுப் பாதையின் முன்னால் \\?\ என்ற நான்கு குறிகளைச் சேர்த்துக் கொடுங்கள். வெட்டாமல் உள்ளபடியே எடுத்துக்கொள் என்று அதற்குப் பொருள்.

க்விக் ஆக்சஸில் குத்தியது மூன்றாவது வகை. ரைட் கிளிக், ‘அன்-பின் ஃப்ரம் க்விக் ஆக்சஸ்’ (Unpin from Quick access). சர்வர் உயிரோடு இருந்தால் வேலை செய்யும், செத்திருந்தால் பல நேரம் செய்யாது. அப்போது விண்டோஸ் பொத்தானோடு ஆர், %ஆப்டேட்டா%\மைக்ரோசாஃப்ட்\விண்டோஸ்\ரீசன்ட்\ஆட்டோமேட்டிக்டெஸ்டினேஷன்ஸ் (%appdata%\Microsoft\Windows\Recent\AutomaticDestinations) என்று முழுப் பாதையும் தட்ட வேண்டும். இந்த ஃபோல்டர் சாதாரணப் பார்வைக்குத் தெரியாது, தட்டித்தான் போக வேண்டும். அதில் எஃப்01பி4டி95 (f01b4d95) என்று தொடங்கும் ஃபைலை மட்டும் நீக்கி, எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் அதைப் புதிதாக எழுதிக்கொள்ளும். நீங்கள் குத்தி வைத்த நல்ல ஃபோல்டர்களும் அதோடு போய்விடும், மறுபடி குத்திக்கொள்ள வேண்டும். இழப்பு அவ்வளவுதான், ஃபோல்டர்களுக்கு ஒன்றும் ஆகாது.

நெட்வொர்க் தலைப்பின்கீழ் பக்கத்துக் கடை டிவியும் யாரோ ஒருவரின் கைபேசியும் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அவை பதிவானவை அல்ல. அந்த நேரத்தில் அதே நெட்வொர்க்கில் கூவிக்கொண்டிருக்கும் கருவிகள். நீக்க ஒன்றுமில்லை. செட்டிங்ஸில் நெட்வொர்க் டிஸ்கவரியை ஆஃப் செய்தால் மறையும். பக்கத்துக் கடைக்காரர் உங்கள் வைஃபையில் எப்படி இருக்கிறார் என்பதுதான் அங்கே கேட்க வேண்டிய கேள்வி.

நீக்கியது வேதாளம்போல மறுபடி முருங்கை மரம் ஏறினால், ஒவ்வொரு காலையும் அதை யாரோ ஏற்றிவிடுகிறார்கள். ‘ஷெல்:ஸ்டார்ட்டப்’ தட்டிப் பாருங்கள். சர்வர் போட்டுத் தந்தவர் நெட் யூஸ் எழுதிய ஒரு பேட் ஃபைலை (கட்டளைகளைத் தானே ஓட்டும் எழுத்து ஃபைல்) அங்கே வைத்துவிட்டுப் போயிருப்பார். அங்கே இல்லையென்றால், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் பாருங்கள். நாஸ் பெட்டியோடு (ஃபைல்களைச் சேமிக்க நெட்வொர்க்கில் மாட்டும் தனிப் பெட்டி) வந்த மென்பொருள் சிலவும் தாங்களே டிரைவை மேப் செய்துகொள்ளும். அந்த மென்பொருளுக்குள் போய்த்தான் நிறுத்த வேண்டும். பெரிய நூற்பாலை, கல்லூரி போன்ற டொமைன் உள்ள, அதாவது எல்லா சிஸ்டமும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கப்படும் இடங்களில், அந்த நிர்வாகம் அனுப்பும் குரூப் பாலிசி என்ற விதி கொடுப்பது அது. அங்கே நீங்கள் எத்தனை முறை நீக்கினாலும் வரும். சிஸ்டம் அட்மினிடம் சொல்வதைத் தவிர வழியில்லை. இன்னொன்று ‘சப்ஸ்ட்’ கட்டளையால் செய்த போலி டிரைவ். கறுப்புத் திரையில் வெறுமனே சப்ஸ்ட் என்று தட்டினால் பட்டியல் வரும். ‘சப்ஸ்ட் இசட்: /டி’ (subst z: /d) கொடுத்தால் போகும்.

ஒன்றை மட்டும் அவசரப்பட்டு நீக்காதீர்கள். சிஸ்டம் ஆன் ஆனதும் ‘எல்லா நெட்வொர்க் டிரைவையும் இணைக்க முடியவில்லை’ என்று ஓர் அறிவிப்பும் சிவப்புக் குறியும் வரும். ஆனால் டபுள் கிளிக் செய்தால் டிரைவ் நன்றாகத் திறக்கும். வைஃபை இணைவதற்கு முன்பே விண்டோஸ் டிரைவைத் தேடிவிடுவதால் வருவது இது. டிரைவுக்கு ஒரு குறையும் இல்லை. கேபிள் போட்ட சிஸ்டத்தில் இது குறைவு.

இனி, ஷார்ட்கட் ஏன் சாகிறது என்பதைச் சொல்லாவிட்டால் அடுத்த மாதம் இதே வேலையை மறுபடி செய்ய வேண்டிவரும்.

முதல் காரணம் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண். சர்வரைப் பெயரால் அல்லாமல் 192.168.1.20 என்பதுபோல எண்ணால் மேப் செய்திருப்பார்கள். அந்த எண்ணை ரவுட்டர் தற்காலிகமாகக் கொடுத்தது. ரவுட்டர் மாறினால் எண்ணும் மாறலாம். ஏற்காட்டில் கோடை மழையின் இடிக்கு ரவுட்டர் போவது புதிதல்ல. புதிதாக வரும் ரவுட்டர் 192.168.1 வரிசைக்குப் பதில் 192.168.29 வரிசையில் எண் கொடுத்தால், எஸ்டேட் ஆபீஸின் அத்தனை டிரைவும் ஒரே நாளில் செத்துப்போகும். சர்வர் அதே மேசையில் விளக்கெரிய ஓடிக்கொண்டிருக்கும். இங்கே நீக்க வேண்டியது ஷார்ட்கட் அல்ல, திருத்த வேண்டியது முகவரி. ரவுட்டர் செட்டிங்கில் சர்வருக்கு ஓர் எண்ணை நிரந்தரமாக ஒதுக்கி (அட்ரஸ் ரிசர்வேஷன் என்று இருக்கும்), முடிந்தவரை சர்வரின் பெயரால் மேப் செய்யுங்கள். ரவுட்டருக்கும் சர்வருக்கும் சேர்த்து ஒரு யூபிஎஸ் இருந்தால் இன்னும் நல்லது.

சர்வர் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள, பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளை மட்டும் போதாது; ஃபயர்வால் பிங்கை மறித்திருக்கலாம். விண்டோஸின் இன்னொரு கட்டளைத் திரையான பவர்ஷெல் திறந்து ‘டெஸ்ட்-நெட்கனெக்ஷன்’ (Test-NetConnection), சர்வரின் எண், பிறகு ‘-போர்ட் 445’ (-Port 445) என்று கொடுங்கள். ஃபோல்டர் பகிர்வு நடப்பது இந்த 445-ஆம் போர்ட்டில்தான். கடைசி வரியில் ட்ரூ என்றால் சர்வர் உயிரோடு இருக்கிறது, சிக்கல் பாஸ்வேர்டிலோ அனுமதியிலோ. ஃபால்ஸ் என்றால் அந்த முகவரியில் பகிர்வே கிடைக்கவில்லை.

இரண்டாவது காரணம் விண்டோஸே. பழைய நாஸ் பெட்டிகளும் பழைய ஜெராக்ஸ் இயந்திரங்களின் ஸ்கேன் வசதியும் எஸ்எம்பி 1 என்ற பழைய ஃபோல்டர் பகிர்வு முறையில் பேசுபவை. 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்தே புதிய நிறுவல்களிலிருந்து அதை விலக்கத் தொடங்கிவிட்டார்கள். 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பு இன்னொரு படி போனது. ப்ரோ பதிப்பில், வரும் தகவல் வழியில் மாற்றப்படவில்லை என்று காட்டும் கையெழுத்திட்ட தகவல் பரிமாற்றம் கட்டாயம். பாஸ்வேர்ட் இல்லாமல் விருந்தாளியாக நுழைவது தடை. நேற்றுவரை பாஸ்வேர்ட் கேட்காமல் திறந்த நாஸ் ஃபோல்டர், அப்டேட் ஆன மறுநாள் ‘பாதுகாப்புக் கொள்கை அனுமதிக்கவில்லை’ என்று சொல்வது இதனால்தான். இதைச் செத்த ஷார்ட்கட் என்று நினைத்து நீக்கி நீக்கிப் போட்டுப் பயனில்லை.

எஸ்எம்பி 1-ஐ ஆன் செய்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்க ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை பரவியது அந்தப் பழைய முறையின் ஓட்டை வழியாகத்தான். நாஸ் பெட்டியில் ஒரு யூசரும் பாஸ்வேர்டும் உருவாக்கி, அதன் ஃபர்ம்வேரை (பெட்டிக்குள்ளேயே ஓடும் மென்பொருளை)ப் புதுப்பித்து, எஸ்எம்பி 2 அல்லது 3 என்று மாற்றுங்கள். அதற்கு வழியில்லாத பெட்டி என்றால் அதற்கு ஓய்வு கொடுக்கும் காலம் வந்துவிட்டது.

பாஸ்வேர்ட் மாற்றிய கையோடு பிழை எண் 1219 வரும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு யூசர் பெயரில் நுழைய முடியாது என்பது அதன் பொருள். பழைய பெயரில் ஓர் இணைப்பு எங்கோ திறந்திருக்கும். நெட் யூஸ் பட்டியலில் அந்த சர்வர் பெயரில் இருப்பதையெல்லாம், எழுத்து இல்லாமல் ஐபிசி$ என்று முடிவதையும் சேர்த்து, நீக்க வேண்டும். பிறகு கன்ட்ரோல் பேனலில் சேமித்த பாஸ்வேர்டுகள் இருக்கும் க்ரெடென்ஷியல் மேனேஜர் போய், விண்டோஸ் க்ரெடென்ஷியல்ஸில் அந்த சர்வரின் பழைய பாஸ்வேர்டை நீக்கி, சைன் அவுட் செய்து மீண்டும் மேப் செய்தால் ஏற்கும். இந்த வரிசை மாறினால் பழைய பாஸ்வேர்டையே விண்டோஸ் மறுபடி நீட்டும்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வேலை குறைவு. க்னோம் ஃபைல்ஸின் இடப்பக்கப் பட்டியலில் ரைட் கிளிக் செய்து ரிமூவ் கொடுத்துப் போகாவிட்டால், ஹோம் ஃபோல்டரில் கன்ட்ரோல் பொத்தானோடு ஹெச் அழுத்தி மறைந்தவற்றைக் காட்டச் செய்யுங்கள். .கான்ஃபிக் ஃபோல்டருக்குள் ஜிடிகே-3.0, அதற்குள் புக்மார்க்ஸ் என்ற எழுத்து ஃபைல். ஒரு ஷார்ட்கட்டுக்கு ஒரு வரி. வேண்டாத வரியை அழித்துச் சேமித்தால் சரி. ஆன் ஆகவே நேரம் பிடிக்கிறது என்றால் ஈடிசி ஃபோல்டரின் எஃப்எஸ்டேப் ஃபைலில் பழைய சர்வரின் வரி இருக்கும். அதை அழிக்காமல் முன்னால் # குறி மட்டும் போடுங்கள், தவறானால் எடுத்துவிடலாம்.

மேலே சொன்னதெல்லாம் செய்தும் போகவில்லை, ஆளைக் கூப்பிடத்தான் வேண்டும் என்றால், குறிப்பாக ஏற்காட்டில் இருப்பவர்கள் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஒருவர் வர அரை நாள் போகும் என்பதால், போன் செய்யும் முன் மூன்றை எடுத்து வையுங்கள். நெட் யூஸ் பட்டியலின் படம். 445-ஆம் போர்ட் சோதனையின் கடைசி வரி. விண்டோஸ் பொத்தானோடு ஆர் அழுத்தி ‘வின்வெர்’ (winver) தட்டினால் வரும் பதிப்பு எண். இந்த மூன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால், வந்து பார்க்க வேண்டிய வேலையா, போனிலேயே முடிகிற வேலையா என்று பெரும்பாலும் அப்போதே சொல்லிவிடலாம்.

இப்படிக்கு,
கணினி, நெட்வொர்க் பராமரிப்பாளர்கள் சிலர்,
சேலம் – ஏற்காடு.